முதலில் காது, பிறகு கை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் இரவு. எட்டரை மணி இருக்கும். சென்னையில் பொறியியல் படிக்கும் என் பேரன் பேருந்திலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குள் வந்தான். முதுகில் கித்தார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. பாட்டி சாப்பிடக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. "தாத்தா, இதை நானே செஞ்சேன். ஆனா இரையுது. மூணு வாரமா உயிரை வாங்குது" என்று பெட்டியை என் மடியில் வைத்தான்.

அது கித்தாருக்கான பெடல். காலால் மிதித்தால் கித்தாரின் சுத்தமான ஒலி முரடாகி, உறுமலாக வெளியே வரும். ஃபஸ் என்று சொல்வார்கள். 1966-இல் லண்டனில் விற்பனைக்கு வந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற பெடலின் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்திருந்தான். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு கண்ட்ரோல். மொத்தம் 11 சாமான்கள். எல்லாவற்றையும் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி வாங்கியிருக்கிறான். துளை போட்ட அலுமினியப் பெட்டிக்கு உள்ளும் புறமும் அவனே கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே வெள்ளை எழுத்தில் பேர்கூட எழுதியிருந்தான்.

நான் 1969-இல், பதினேழு வயதில், திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர் ரேடியோ, மைக்செட், மெல்லிசைக் குழுக்களின் ஆம்ப்ளிஃபயர் என்று நாற்பது வருடம் பழுது பார்த்தே குடும்பம் நடத்தினேன். என் வாழ்நாளில் பாதி நேரம் அடுத்தவர் கருவியில் எழுந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறது. அந்த இரைச்சல்கள் எனக்குச் சோறு போட்டன. சில பாடங்களும் சொல்லித்தந்தன. அவற்றில் ஒன்றை மிகத் தாமதமாகத்தான் கற்றேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"எதை எதை மாத்தின?" என்று பேரனைக் கேட்டேன்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் தாத்தா. டிரான்சிஸ்டர் ரெண்டையும் மூணு தடவை மாத்தினேன். கண்டென்சர் மாத்தினேன். ஒயர் புதுசு. போன ஞாயித்துக்கிழமை போர்டையே தூக்கிப் போட்டுட்டு வேற போர்டுல முதல்லேர்ந்து பத்த வச்சேன். அப்பவும் இரையுது."

"அதே சத்தமா? வேற சத்தமா?"

அவன் யோசித்தான். "தெரியலையே" என்றான்.

அந்த ஒரு சொல்லில் நோய் இன்னதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக அவன் கை ஓயவில்லை. காது மட்டும் வேலைக்கே வரவில்லை.

அவனுக்கு அப்போதே பெட்டியைப் பிரிக்க வேண்டும். "சோல்டரிங் அயர்ன் எங்க தாத்தா?" என்று எழுந்தான். என் மனைவி சிரித்தபடி பூஜை அலமாரியைக் காட்டினாள். அயர்ன், மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், கட்டர் என்று எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. "விஜயதசமி அன்னிக்குக் காலைலதான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். பேரன் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. கையைக் கட்டிப்போட்டால்தான் காது திறக்கும்.

"சரி, இன்னிக்கு ராத்திரி கேக்க மட்டும் செய்வோம்" என்றேன். என்னுடைய பழைய ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். முதலில் பெடல் இல்லாமல் கித்தாரை நேராகச் செருகச் சொன்னேன். ஏறக்குறைய அமைதி. அப்படியானால் கித்தாரும் ஆம்ப்ளிஃபயரும் அவற்றை இணைக்கும் ஒயரும் இந்த வழக்கில் சாட்சிகளே தவிரக் குற்றவாளிகள் அல்ல. பிறகு பெடலை நடுவே சேர்த்து, மிதித்து, கித்தாரின் வால்யூமை முழுக்கக் குறைக்கச் சொன்னேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆக, பெட்டிக்குள்ளேயோ பெட்டிக்குச் சோறு போடும் அடாப்டரிலோதான் கோளாறு. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் சந்தேகத்தில் பாதியை விலக்கிவிட்டோம்.

"இப்போ கண்ணை மூடிக்கிட்டு கேளு. எத்தனை சத்தம்?"

"ஒண்ணுதான். இரைச்சல்."

"இன்னும் கேளு."

இரண்டு நிமிடம் ஆயிற்று. கண்ணை மூடியபடியே விரலை மடக்கத் தொடங்கினான். அடியில் ‘ஊம்’ என்று ஒரு தடித்த ஒலி. அதற்கு மேலே கொசு பறப்பதுபோல் ‘ஈ’ என்று மெல்லிய ஒலி. நடு நடுவே, நினைத்தபோது வந்து போகும் ‘கரகர’. எல்லாவற்றுக்கும் பின்னால், தூரத்து மழைபோல ‘ஸ்ஸ்’. "நாலு சத்தம் தாத்தா!" என்று கண்ணைத் திறந்தான். மூன்று வாரமாக ஒன்று என்று நினைத்துப் போராடியது நான்காகப் பிரிந்து நின்றது.

அந்த ‘ஊம்’ எந்த இடத்து ஒலி என்று கித்தாரிலேயே தேடச் சொன்னேன். வால்யூமைக் குறைத்த கித்தாரைக் காதருகே வைத்துத் தடித்த கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டினான். மூன்றாவது ஃப்ரெட்டில் கிட்டத்தட்டச் சேர்ந்தது. அந்த இடம் விநாடிக்கு 98 அதிர்வு. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதன் இரட்டிப்பு 100. "அப்போ இது சுவர்லேர்ந்து வருது தாத்தா" என்றான். ஆமாம். இரைச்சல் தன் ஊர்ப் பேரைத் தானே சொல்லும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுச் சண்டை, அலுவலகப் பூசல், உடல்நலக் குறைவு எதுவானாலும் நாம் பெரும்பாலும் "ஒரே பிரச்சினை" என்றுதான் சொல்கிறோம். உட்கார்ந்து கேட்டால் அது நான்காக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தாய் வேறு. நான்கையும் ஒரே மருந்தால் தீர்க்கப் போகிறவன் ஒன்றையும் தீர்க்க மாட்டான்.

மறுநாள் ஆயுத பூஜை. பொரி, சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். வேலை செய்யக் கூடாது என்பதால் பேச்சுதான். பேரனுக்கு ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ‘டோன்ட் வொரி’ என்ற பாட்டு ஒலிப்பதிவானது. கிரேடி மார்ட்டின் என்ற கலைஞர் வாசித்த பேஸ் கித்தார், மிக்ஸரின் ஒரு சேனலில் இருந்த கோளாறால் உறுமிக்கொண்டு வந்தது. வேறொரு சமயமாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். அவர்கள் அதை அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு வெளிவந்தது; மக்களுக்குப் பிடித்தது. அந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி உட்கார்ந்து, அந்தக் கோளாறின் ஒலியை டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு சின்னப் பெட்டியில் வேண்டுமென்றே உண்டாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ என்ற பெயரில் விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் அதை வாசித்த பிறகு உலகமே அந்த உறுமலைக் கேட்டது. "உன் கையில இருக்கிற பெட்டியோட பாட்டனே ஒரு பழுதுதான்டா" என்றேன்.

"அப்போ பழுதுக்கும் இசைக்கும் என்ன தாத்தா வித்தியாசம்?"

நல்ல கேள்வி. நீ கூப்பிட்டபோது வந்து, போகச் சொன்னபோது போனால் அது இசை. கூப்பிடாமல் வந்து, போகச் சொல்லியும் போகாமல் உட்கார்ந்திருந்தால் அது இரைச்சல். கோபமும் அப்படித்தான். அநியாயத்தைக் கண்டு எழுகிற கோபம் ஒரு மனிதனுக்குக் குரல். காலையில் பால் வரத் தாமதமானதற்கு எழுந்து இரவுவரை இறங்காத கோபம் வெறும் இரைச்சல்.

இன்னொன்றும் சொன்னேன். இது என் வாழ்வில் நடந்தது. 1980-களில் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. மேடையில் கித்தார் ஆம்ப்ளிஃபயர் ‘ஊம்’ என்று ஹம்மிங் எடுத்தது. கூட்டம் உட்கார்ந்துவிட்டது. நேரம் ஆக ஆக என் பதற்றம் ஏறியது. மூன்று முள் பிளக்கைப் பிரித்து எர்த் ஒயரைக் கழற்றிவிட்டேன். ஹம்மிங் சட்டென்று நின்றது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டாவது பாட்டில் கித்தார் வாசித்த பையன் கம்பியில் கை வைத்தபடியே மைக்கை நெருங்கிப் பாடப்போனான். உதடு பட்டதும் அலறி மல்லாக்க விழுந்தான். பிழைத்துக்கொண்டான். அந்த அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கும் எர்த்தும் மைக்கும்தான். இதை நான் பின்னால் படித்தேன். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரைச்சலை நிறுத்துவது வேறு, காரணத்தைத் தீர்ப்பது வேறு. எர்த்தைக் கழற்றி வாங்குகிற அமைதி யாரோ ஒருவருடைய உயிரை அடகு வைத்து வாங்குவது. குடும்பத்தில் ஒருவர் வாயை அடைத்து, "இப்போ வீடு நிம்மதியா இருக்கு" என்று சொல்கிறோமே, அதுவும் எர்த் கழற்றின ஆம்ப்ளிஃபயர்தான். கித்தார் வைத்திருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஹம்மிங் எவ்வளவு வந்தாலும் ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது முள்ளைத் தொடாதீர்கள்.

விஜயதசமி காலை. குளித்து, கற்பூரம் காட்டி, கருவிகளை எடுத்தோம். "ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வா. ஒண்ணை மாத்தணும். கேக்கணும். எழுதணும். அப்புறம்தான் அடுத்தது" என்றேன். பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் முதலாளி நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

முதலில் அந்தக் கொசு ஒலி. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு 9 வோல்ட் பேட்டரி போடச் சொன்னேன். கொசு பறந்தே போயிற்று. நோட்டில் எழுதினான். குற்றம் பெடலில் இல்லை, அது சாப்பிட்ட சாப்பாட்டில் இருந்தது. இந்தக் காலத்து அடாப்டர் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகிறது. செல்போனுக்கு அது போதும். ஒலியைச் சில நூறு மடங்கு பெருக்குகிற பெட்டிக்குப் போதாது. பெட்டிக்குள் மின்சாரம் நுழைகிற வாசலிலேயே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வைத்தோம். அடாப்டரிலிருந்து வரும் நடுக்கத்தை ரெசிஸ்டர் தடுத்து நிறுத்தும். மீறி வருவதைக் கண்டென்சர் எர்த்துக்கு இறக்கிவிடும். மறுபடி அடாப்டரைப் போட்டால் கொசு இல்லை. ஐந்து ரூபாய்ச் சாமான். ஆனால் மூன்று முறை மாற்றிய டிரான்சிஸ்டர்களால் இதைத் தீர்த்திருக்கவே முடியாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெருக்கிக்கு நல்லது கெட்டது தெரியாது. கித்தார் கொடுப்பதையும் பெருக்கும், கூடவே நுழைந்த அழுக்கையும் பெருக்கும். அதிலும் முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் புகுந்த அழுக்கை முதல் டிரான்சிஸ்டரும் பெருக்கும், அடுத்ததும் பெருக்கும். கடைசியில் புகுந்தது அவ்வளவு பெரிதாகாது. அதனால்தான் தொடக்கத்தில் சுத்தம் வேண்டும் என்று தொழிலில் சொல்வோம். பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ‘ஊம்’. மூடியைப் பூட்டியபடியே அதில் கை வைக்கச் சொன்னேன். கை பட்டதும் ஒலி மாறியது. எடுத்ததும் பழையபடி ஆனது. "பெட்டி அனாதையா இருக்குடா" என்றேன். உலோகப் பெட்டி எர்த்தோடு சேர்ந்திருந்தால்தான் வெளியில் சுற்றும் மின்சாரத்தின் நிழலை உள்ளே விடாமல் தடுக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பெட்டியின் ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்த இடத்திலும் வைத்தான். ‘பீப்’ வரவில்லை. ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் அது உட்கார்ந்திருந்த இடம் முழுக்க வழவழவென்று கறுப்பு பெயின்ட். மூன்று கோட் அடித்திருக்கிறான். ஆசை ஆசையாக அடித்த பெயின்ட்தான் பெட்டிக்கும் ஜாக்குக்கும் நடுவே சுவராக நின்றது. கத்தி முனையால் வளையமாக அந்த இடத்தை மட்டும் சுரண்டினான். வெள்ளி நிறத்தில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. பல் வாஷர் போட்டு ஜாக்கை இறுக்கினான். மீட்டர் ‘பீப்’ என்றது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் ‘ஊம்’ கிணற்றுக்குள் போய்விட்டது.

பேரன் துள்ளினான். நான் அந்தச் சுரண்டிய வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு 1995 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் என் மகன், இந்தப் பையனின் அப்பா, பிளஸ் டூ. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன். அரையாண்டில் மதிப்பெண் சரிந்தது. எரிந்து விழ ஆரம்பித்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. என் பேரன் செய்ததைத்தான் நானும் செய்தேன். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். கணக்கு டியூஷனை மாற்றினேன். அவன் நண்பர்களை வீட்டுக்கு வரக் கூடாது என்றேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பினேன். அவன் உயிராக வைத்திருந்த எலெக்ட்ரிக் கித்தாரைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் அதைப் பணிவு என்று நினைத்தேன். மதிப்பெண் இன்னும் இறங்கியது.

தேர்வு முடிவு வந்த அன்று இரவு என் மனைவி சொன்னாள்: "டியூஷனை மாத்துனீங்க. தூங்குற நேரத்தை மாத்துனீங்க. அவன் கித்தாரை எடுத்தீங்க. நீங்க கடை வேலையை வீட்டுக்குக் கொண்டாந்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் இதே ரூம்ல ஸ்பீக்கரைக் கத்தவிட்டீங்களே, அதை யாரு மாத்துறது?"

எங்கள் வீடு அப்போது ஒரு அறையும் சமையல்கட்டும். அந்த ஆண்டு வருமானம் போதாமல் இரவிலும் வீட்டில் பழுது பார்த்தேன். ஈயப் புகை, ரேடியோ சத்தம், டெஸ்ட் செய்யும் ஸ்பீக்கர். இரண்டு முழம் தள்ளி என் மகன் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான். இரவு ஒரு மணிவரை என் சத்தம், நாலு மணிக்கு என் அதட்டல். அந்தப் பையன் எங்கே தூங்குவான், எங்கே படிப்பான்? ஊரார் கருவிகளின் இரைச்சலைக் கண்டுபிடிப்பவன், என் வீட்டு இரைச்சல் நானே என்று கேட்கத் தவறிவிட்டேன்.

சர்க்யூட்டில் எர்த் என்பது எல்லாருக்கும் பொதுவான இடம். எந்த மின்சாரமும் திரும்பி வந்து சேரும் வீடு. அது சரியில்லாவிட்டால் ஒவ்வொரு பாகத்திலும் இரைச்சல் கேட்கும். பழியும் ஒவ்வொரு பாகத்தின் மேலும் விழும். நாம் டிரான்சிஸ்டரைக் குறை சொல்வோம், கண்டென்சரைக் குறை சொல்வோம். எல்லாரும் நம்பி நிற்கிற இடம் ஆடிக்கொண்டிருக்கும். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குடும்பத்தில் அந்த இடத்தில் நிற்பவர் தகப்பனோ தாயோ மூத்தவரோ யாராக இருந்தாலும், பிள்ளையிடம் இரைச்சல் கேட்டால் முதலில் தன்னைத்தான் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். "இந்த வீட்டுக்காக உழைக்கிறேன்" என்ற நல்ல எண்ணம்தான் எனக்கு மூன்று கோட் பெயின்டாக இருந்தது. நல்ல எண்ணத்தில் அடித்ததானாலும் பெயின்ட் பெயின்ட்தான். தொட வேண்டிய இடத்தில் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

அன்று என் மனைவி பேசாமல் இருந்திருந்தால் நான் இன்னும் பத்து வருடம் மற்றவர்களையே மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். கித்தாரில் ஹம்பக்கர் என்று ஒரு வகைப் பிக்கப் உண்டு. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1950-களின் நடுவில் உருவாக்கியது. அதில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, காந்தத்தையும் மாற்றி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் ஹம்மிங் ஒரு சுருளில் மேலே போகும்போது மற்றதில் கீழே போய் இரண்டும் அடிபட்டுப் போகும். கம்பியின் இசை மட்டும் இரண்டிலும் சேர்ந்து வரும். எதிர்த்துப் பேசுகிற துணை வாய்த்தது என் பாக்கியம். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்கள் நம் இசையோடு சேர்த்து நம் இரைச்சலையும் இரட்டிப்பாக்குவார்கள்.

பேரன் என் தோளைத் தொட்டு, "தாத்தா, இன்னும் கரகர இருக்கு" என்றான். வேலைக்குத் திரும்பினோம்.

என் கருவிப் பெட்டியில் ஒரு பழைய பால்பாயிண்ட் பேனாக் கூடு உண்டு. அதற்குள் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரை வைத்து, ஒரு காலை முனையில் ஊசிபோல நீட்டி, மறுகாலில் ஷீல்டு ஒயர் பற்றவைத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எங்கள் முதலாளி சொல்லித்தந்து 1970-களில் செய்தது. சர்க்யூட்டின் எந்தப் புள்ளியில் முனையை வைக்கிறோமோ அந்த இடத்தின் ஒலி ஸ்பீக்கரில் கேட்கும். டாக்டர் குழாய் வைத்து மார்பைக் கேட்பதுபோல. பேரன் சர்க்யூட்டின் வாசலிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக வைத்து வந்தான். முதல் டிரான்சிஸ்டரில் கரகரப்பு இல்லை. இரண்டாவதில் இருந்தது. நடுவில் எங்கோ. மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி, அந்தப் பகுதியில் ஒவ்வொரு பற்றையும் லேசாகத் தட்டச் சொன்னேன். ஒரு பற்றில் குச்சி பட்டதும் ஸ்பீக்கர் ‘கர்ர்’ என்று கத்தியது.

பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினேன். மற்றப் பற்றெல்லாம் பளபளப்பாக, கம்பியின் காலைத் தழுவிச் சரிந்து இறங்கியிருந்தது. இது மட்டும் மங்கிப்போய், மணல்போல் சொரசொரத்து, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. டிரை சோல்டர். ஈயம் கம்பிமேல் இருக்கிறது, கம்பியோடு இல்லை. "அவசரத்துல ஈயத்தை அயர்ன்ல உருக்கி மேல சொட்டவிட்டிருக்க. அப்படிச் செய்யக் கூடாது. முதல்ல கம்பியையும் தடத்தையும் சூடு பண்ணு. அது சூடானா ஈயம் தானா ஓடிப்போய்ச் சேரும். அப்புறம் அது இறுகுற வரைக்கும் ஆட்டாதே" என்றேன். அயர்னை வைத்தான். மனதுக்குள் இரண்டு மூன்று எண்ணினான். ஈயத்தைத் தொட்டதும் அது தண்ணீர்போலப் பரவிக் கம்பியைத் தழுவியது. கை எடுத்தான். மூச்சை அடக்கி நின்றான். பளபளப்பு நிலைத்தது. கரகரப்பு போயிற்று.

உறவும் இப்படித்தான் பற்றும். இரண்டு பக்கமும் சூடாகாமல் மேலே சொட்டவிட்ட பாசம் பார்வைக்கு ஒட்டினதுபோல் இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும்.

நோட்டில் கடைசி வரி மிச்சம் இருந்தது: ‘ஸ்ஸ்’. "இதுக்கு என்ன பண்றது தாத்தா?" என்று குச்சியோடு தயாராக நின்றான். "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். அவன் நம்பவில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்ற விஞ்ஞானி இதை அளந்தார். நைக்விஸ்ட் என்பவர் கணக்குப் போட்டு விளக்கினார். 1928-இல் இருவருடைய கட்டுரைகளும் வெளிவந்தன. எந்த ரெசிஸ்டரானாலும் அதற்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலே ஒரு மெல்லிய இரைச்சல். பேரனின் சர்க்யூட்டில் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அது மட்டும் தனியாக, அறை வெப்பத்தில், காது கேட்கும் எல்லைக்குள் ஏறத்தாழ 6 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்கும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு. மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டால் கார்பன் வகையில் கூடுதலாக வரும் இரைச்சல் குறையும். ஆனால் இந்த அடிப்படை இரைச்சல் போகாது. சூடு இருக்கும்வரை அது இருக்கும். உயிருள்ள உடம்பில் மூச்சுச் சத்தம் கேட்பதுபோல.

"மத்த மூணும் பழுது. இது இயல்பு. பழுதைத் தீர்த்துடணும். இயல்போட வாழப் பழகணும். எது எதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இவ்வளவு நேரம் கேட்டோம்" என்றேன். என் எழுபது வருடத்தில் மனிதர்களிடம் நான் செய்த பெரிய தவறு இதுதான். தீர்க்கக்கூடிய பழுதை "அவன் சுபாவம்" என்று விட்டுவிட்டேன். மாற்ற முடியாத சுபாவத்தைப் பழுது என்று நினைத்துச் சுரண்டினேன்.

பேரன் பெட்டியைப் பூட்டி, கித்தாரை மாட்டி, மிதித்தான். மீட்டியதும் வீடு அதிர்ந்தது. கம்பியில் உள்ளங்கையை வைத்து அடக்கியபோது அந்தத் தூரத்து மழை மட்டும் மிச்சம் இருந்தது. அவன் மீட்டிய கித்தார் 1995-இல் நான் பரணில் போட்ட அதே கித்தார்.

அன்று இரவு என் மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். பெடல் கதையைச் சொன்னேன். பிறகு முப்பது வருடமாகச் சொல்லாததையும் சொன்னேன்: "உன் மேல தப்பில்லப்பா. அந்த ரூம்ல சத்தம் நான்தான்." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கித்தார்ல வால்யூம் கண்ட்ரோல் கொஞ்சம் கரகரங்கும்ப்பா. தீபாவளிக்கு வரும்போது நான் பாக்கறேன்" என்றான்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டில், வேலையில், பிள்ளையிடத்தில் இரைச்சல் கேட்டால் உடனே கையை நீட்டாதீர்கள். உட்கார்ந்து, கண்ணை மூடி, எத்தனை ஒலி என்று எண்ணுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி கேளுங்கள். எல்லாரும் நம்பி நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால், சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.